நாற்பது வருஷ எழுத்து: நோட்டு, பிளாப்பி, போன் - எதை முதலில் கரை சேர்ப்பது?

வெள்ளைத்தாள் | 3 பிப்ரவரி, இரவு 9.40

1983 முதல் எழுதியவை: 31 நோட்டுகள், எல்லாம் 200 பக்கம். மை பேனா, பால்பாயிண்ட், கொஞ்சம் பென்சில். இரண்டு டப்பா பிளாப்பி வட்டு, மொத்தம் 17; சிலது பாமினி, சிலது திஸ்கி, இரண்டும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துமுறை. போனில் 900-க்கு மேல் துண்டுக் குறிப்புகள். எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் ஒரே இடத்தில் கொண்டுவர வேண்டும். எங்கே தொடங்குவது?

இன்னொன்றும் உண்டு. அன்று ஒரே மூச்சில் பத்துப் பக்கம் வந்தது, இன்று நாலு வரியோடு நிற்கிறது. கையால் எழுதினால்தான் எழுத்து, மற்றதெல்லாம் தட்டுவதுதான் என்று தோன்றுகிறது. சரியா?

கொம்புசுழி | 3 பிப்ரவரி, இரவு 10.55

பிளாப்பிதான் முதலில். நோட்டு இன்னும் பத்து வருஷம் பொறுக்கும், பிளாப்பி பொறுக்காது.

டிரைவில் போடுவதற்கு முன் இரண்டு வேலை. மூலையில் உள்ள சின்னத் தாழை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள். ஓட்டை திறந்திருந்தால் அதில் எதுவும் எழுத முடியாது, உள்ளே இருப்பது பத்திரம். அடுத்து, உலோக மூடியை விரலால் தள்ளி உள்ளே இருக்கும் கருப்புத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வளையமாகவோ புள்ளி புள்ளியாகவோ பூசணம் தெரிந்தால் அதைத் தனியே வைத்துவிடுங்கள். போட்டால் டிரைவின் தலை தகட்டைச் சுரண்டும், அந்த அழுக்கோடு அடுத்த பிளாப்பியையும் கெடுக்கும். ஒரு டப்பாவே இப்படிப் போய்விடும்.

யூஎஸ்பி டிரைவ் 3.5 அங்குலத்தை மட்டும்தான் படிக்கும். "பார்மேட் செய்யவா?" என்று கணினி கேட்டால் ஒருபோதும் சரி என்று சொல்லாதீர்கள். படிக்கவில்லை என்றால் எடுத்து மறுபடி போடுங்கள், வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவில் படியாதது இன்னொன்றில் படிவது சாதாரணம்.

கொம்புசுழி | 4 பிப்ரவரி, காலை 6.20

எது பாமினி, எது திஸ்கி என்று பார்க்க ஃபைலை நோட்பேடில் திறந்தாலே போதும். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் அது பாமினியில் அடித்த "தமிழ்". ஆங்கிலமும் இல்லாமல் தமிழும் இல்லாமல், தலையில் கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் திஸ்கி.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. கணினிக்கு அது ஆங்கிலம்தான், எழுத்துரு மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. அதனால் நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த சொல் இருந்தால் மாற்றும் மென்பொருள் அதையும் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும். திஸ்கியில் 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்கே விடப்பட்டது, தமிழ் மேல்பாதியில். அங்கே ஆங்கிலச் சொல்லுக்கு ஆபத்தில்லை.

ஆகவே பாமினி டாக் (.doc) ஃபைலை வெறும் உரை (.txt) ஃபைலாகச் சேமித்துவிட்டு மாற்றப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் எழுத்துருவின் பெயர் போய்விடும், அதோடு எது தமிழ் எது ஆங்கிலம் என்ற ஒரே துப்பும் போய்விடும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, தேடும் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடி, ஆங்கில எழுத்துருவில் உள்ள துண்டுகளை எல்லாம் முதலில் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு எண் மட்டும் போடுங்கள். தமிழை மாற்றிய பிறகு எண்ணைப் பார்த்துத் திரும்ப ஒட்டலாம்.

திஸ்கிக்கு அதற்கே உரிய ஒரு கோளாறு: "இ". அதன் இடம் 173. இணையப் பக்கங்களில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிக்கு உரியது, அதனால் பல ஃபைல்களில் இ மட்டும் மறைந்துவிடும். இதற்காகவே பின்னால் 254-லும் ஓர் இ வைத்தார்கள். மாற்றிய பிறகு "ந்த", "ங்கே", "ப்படி" என்று மெய்யில் தொடங்கும் சொற்களைத் தேடுங்கள். இந்த, இங்கே, இப்படி எல்லாம் தலை இழந்து நிற்கும்.

மைக்கூடு | 4 பிப்ரவரி, பகல் 1.15

"நோட்டு பத்து வருஷம் பொறுக்கும்" என்று மேலே இருக்கிறது. எல்லா நோட்டும் பொறுக்காது, எதில் எழுதியது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்து ராயல் நீலம் கழுவினால் போகவேண்டும் என்றே செய்த மை. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். வெயில் படும் அலமாரியில் இருந்தால் வரிகள் வெளிறி ஓரத்திலிருந்து மறையும். இவைதான் முதலில் படம் எடுக்க வேண்டிய நோட்டுகள். பழைய நீலக்கருப்பு மைகளில் இரும்பு சேர்ந்தவை உண்டு, நாளாக ஆகப் பழுப்பேறும். எழுத்து அழியாது, ஆனால் ஈரம் படப் படத் தாளை அரிக்கும். பால்பாயிண்டில் இருப்பது எண்ணெய்ப் பசை. எழுத்தைச் சுற்றி மஞ்சள் பூத்து எதிர்ப்பக்கத்திலும் நிழல் விழும், இருந்தாலும் படிக்க முடியும். பென்சில் மங்காது, உராய்ந்தால்தான் போகும். பென்சில் பக்கங்களுக்கு நடுவே வெறும் தாள் ஒன்று வைத்தால் போதும்.

பளபளப்பான பிவிசி உறை வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள மிருதுவாக்கி கசிந்து மையை இளக்கி, உறையோடு ஒட்டி இழுத்துக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள். செல்லோடேப்பும் கூடாது, பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கினால் அப்புறம் எடுக்க முடியாது. துருப்பிடித்த நடுப்பின்னை மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, மூன்று துளையிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். பைண்டிங் கடைக்குக் கொடுத்தால் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்துதான் ஒட்டுவார்கள், பூச்சி வராதிருக்க. முதுகுப் பக்கத்தோடு அது நிற்க வேண்டும், எழுத்துள்ள தாளில் படக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையானுக்குப் பாலம் போட்டுத் தருவது சுவர்தான். ராமபாணப் பூச்சி இருட்டும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வரும். மாதம் ஒரு முறை நோட்டைப் புரட்டிக் காற்றாட விட்டாலே பாதி குறையும். பச்சை வேப்பிலையைத் தாளுக்குள் வைக்காதீர்கள், கறை விழும்.

கொம்புசுழி | 4 பிப்ரவரி, இரவு 11.30

மைக்கூடு சொல்வது சரி, ராயல் நீல நோட்டுகளையும் பிளாப்பியோடு முதல் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாமினி மாற்றியவுடன் செய்ய வேண்டிய மூன்று தேடல்களைச் சொல்லவேண்டும். பல எழுத்துருக்களில் காலும் "ர"வும் ஒன்று போலவே இருந்ததால் ர், ரி, ரீ அடிக்கும் இடத்தில் காலைத் தட்டிப் புள்ளியோ கொக்கியோ போட்டுவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு வரும்போது "அவர்" என்பது "அவா்" ஆகிவிடும். கண் ஏமாறும், தேடுபொறி ஏமாறாது. "அவர்" என்று தேடினால் அந்தப் பக்கம் வரவே வராது. காலுக்குப் பின் புள்ளி, காலுக்குப் பின் இகரக் கொக்கி, காலுக்குப் பின் ஈகாரச் சுழி, இம்மூன்றும் தமிழில் எங்குமே வராத சேர்க்கை. அதனால் பயமில்லாமல் மொத்தமாக ர், ரி, ரீ என்று மாற்றலாம். அதேபோல் "ெள" வரும் இடத்தையெல்லாம் "ௌ" என்று மாற்றிவிடுங்கள். மௌனம், கௌரவம் எல்லாம் பழைய ஃபைலில் கொம்பும் ளகரமுமாக இருக்கும்.

கொம்புசுழி | 5 பிப்ரவரி, காலை 5.50

நேற்றுச் சொன்னதில் கடைசிப் பகுதியைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ராத்திரி அவசரத்தில் எழுதிவிட்டேன். "ெள"வை மொத்தமாக மாற்றினால் வெளி, தெளிவு, கெளுத்தி, வெள்ளி எல்லாம் நாசமாகும். சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்: மெளனம், கெளரவம், செளகரியம், பெளர்ணமி, ஒளவை, இப்படி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக. முப்பது சொல்லுக்கு மேல் வராது. ஏற்கெனவே மாற்றியிருந்தால் மாற்றாத பிரதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள், திரும்பப் பிரிக்க முயல வேண்டாம்.

இதனால்தான் மாற்றாத மூலத்தை அழிக்கவே கூடாது. ஒரு கோப்புறையில் பிளாப்பியிலிருந்து வந்தது வந்தபடி, இன்னொன்றில் யூனிகோடு. முதல் கோப்புறையில் யாரும் கை வைக்கக் கூடாது.

சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 தானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் தானாக நிற்கும் தேர்வு ஆன்ஸி என்ற பழைய குறியாக்கம். அதில் தமிழைச் சேமித்தால் வரிசையாகக் கேள்விக்குறிதான், அதை மீட்க வழியே இல்லை.

வெள்ளைத்தாள் | 5 பிப்ரவரி, மாலை 7.05

அண்ணா, நல்லவேளை இன்னும் ஆரம்பிக்கவில்லை. 31 நோட்டையும் தட்டியே ஆக வேண்டுமா? போனில் படம் எடுத்தால் அதுவே எழுத்தாக்கிவிடாதா?

கொம்புசுழி | 5 பிப்ரவரி, இரவு 8.30

அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கிறது. கையெழுத்துத் தமிழை நம்பிக் கொடுக்க முடியாது. ன-ள, ர-கால், ஞ-கு எல்லாம் குழம்பும், அதைத் திருத்தும் நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம். அதோடு 1978-க்கு முன் எழுதப் பழகிய கை என்றால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் நோட்டில் இருக்கும். துதிக்கை போட்ட லை, ளை, ணை, னை. சுழித்த றா, ணா, னா. அவற்றோடு ஒகர ஓகார வரிசையில் ஆறு, ஆகப் பதின்மூன்று எழுத்து. அரசாணை வந்தது 1978-ல், கை மாறப் பலருக்கு வெகுகாலம் பிடித்தது. மென்பொருளுக்கு அவை புரிவதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 31 நோட்டு, 6,200 பக்கம். பக்கத்துக்கு 15 நிமிஷம் என்றால் 1,550 மணி நேரம். தினம் ஒரு மணி உட்கார்ந்தால் நாலு வருஷத்துக்கு மேல். அந்த நாலு வருஷமும் புதிதாக ஒன்றும் எழுத மாட்டீர்கள்.

அதனால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள், அட்டவணையை மட்டும் தட்டுங்கள். பக்க எண், தேதி, முதல் வரி, கதையா கடிதமா குறிப்பா என்று ஒரு சொல். பக்கத்துக்கு 2 நிமிஷம், மொத்தம் 207 மணி. ஏழு மாதத்தில் முடியும். எந்தப் பக்கம் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அதை மட்டும் முழுதாக அடியுங்கள்.

படத்துக்கு பிளாஷ் வேண்டாம். இடப்பக்கம் ஜன்னல் வரும்படி மேசையைப் போட்டு, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். ஸ்கேனர் இருந்தால் மைக்கு 300, பென்சிலுக்கு 600 டிபிஐ, எப்போதும் வண்ணத்தில். கருப்பு-வெள்ளையில் எடுத்தால் வெளிறிய நீலம் முழுக்கப் போய்விடும். ஃபைல் பெயரில் எண் மட்டும் போதும்: வருஷம், நோட்டு எண், பக்க எண். 47 என்று போடாமல் 047 என்று போடுங்கள், இல்லையென்றால் 5-ஆம் பக்கம் 47-க்குப் பின்னால் போய் நிற்கும்.

மைக்கூடு | 6 பிப்ரவரி, காலை 10.00

தேதி இல்லாத பக்கங்கள் நிறைய இருக்கும். மையின் நிறம், பேனா முனையின் தடிமன், பக்கத்துப் பக்கத்தின் தேதி, இவற்றை வைத்து "1987 முதல் 1989-க்குள்" என்று போடுங்கள். உறுதியில்லாத தேதிக்கு முன் ஒரு சுழி போட்டால் பின்னால் குழப்பம் வராது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை, சாகும் மட்டும் நாட்குறிப்பு எழுதினார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு எழுதியதால்தான் இன்றைக்கும் அதை வைத்து வரலாற்றுக்காரர்கள் நாள் நாளாகப் பேச முடிகிறது. 1846-ல் கலுவா மொம்பிரான் என்பவர் அதைக் கண்டு பிரதி எடுத்தார். எண்பத்தைந்து வருஷம் தாளில் மட்டுமே கிடந்தது. பிரதி எடுத்தவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கொம்புசுழி | 6 பிப்ரவரி, இரவு 9.15

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கையால் எழுதினால்தான் எழுத்தா?

தட்டச்சுப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து முத்தையா தமிழுக்கு அதை வடிவமைத்தபோது புள்ளிக்கு நகரா விசை வைத்தார். அதைத் தட்டினால் உருளை நகராது, புள்ளி விழுந்த இடத்திலேயே எழுத்து வந்து உட்காரும். அதாவது "க்" என்று அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. மெய் வருமா உயிர்மெய் வருமா என்று விரல் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூன்று கார்பன் வைத்து அடிக்கும்போது ஒரு பிழை என்றால் நாலு தாளிலும் அழிக்க வேண்டும். அதனால் வாக்கியத்தை மனசில் முடித்துவிட்டுத்தான் கை இறங்கும். கணினியில் அழிப்பது இலவசம், பத்தி முதலில் கொட்டும், திருத்தம் பிறகு. போனில் திரை நாலு வரிதான் காட்டும், நினைப்பும் நாலு வரியில் மடியும். பத்துப் பக்கம் நாலு வரியானதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், பாதி அந்தத் திரையின் அளவு. அந்த நாலு வரியும் எழுத்துதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: ஒரு மாதம் போனில் குறிப்பு எடுங்கள், ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் அதே குறிப்பைப் பார்க்காமல் தாளில் எழுதுங்கள். எது நீள்கிறது என்று தெரிந்துவிடும்.

900 துண்டையும் உடனே கோத்துக் கட்டுரையாக்க முயல வேண்டாம். தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கொட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு வெற்று வரி விடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எவை ஒட்டிக்கொள்கின்றன என்று அவையே காட்டும்.

மைக்கூடு | 7 பிப்ரவரி, காலை 7.45

தாளில் எழுதக் கை வலிக்கிறது என்றால் முதலில் பால்பாயிண்டை விடுங்கள். அதை அழுத்தினால்தான் எழுதும், மை பேனாவுக்கு அழுத்தமே வேண்டாம். பிடிக்கும் இடம் 12 மில்லிமீட்டராவது தடித்திருக்கட்டும். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் இன்னும் கையால் கடைந்த எபோனைட் (கடின ரப்பர்) பேனா கிடைக்கிறது. சொட்டு மருந்துக் குழாயால் மை நிரப்பும் பேனா என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கைச் சூட்டில் காற்று விரிந்து தாளில் மையைக் கக்கும். பாதியிலேயே நிரப்பிவிடுங்கள். காய்ந்த பேனாவைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊற வைக்கலாம், வெந்நீர் கூடாது, எபோனைட் நிறம் மங்கும்.

கொம்புசுழி | 7 பிப்ரவரி, பகல் 12.20

தட்டவும் வேண்டியிருக்கிறதே, அதற்குத் தமிழ்99 பழகுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் முடிவான விசைப்பலகை, இப்போது விண்டோஸிலும் ஐபோனிலும் கூடவே வருகிறது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. "அம்மா"வுக்கு அ, ம, ம, ஆ. புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். "தங்கம்" த, ங, க, ம, புள்ளி: ஐந்தே தட்டு. தடுக்கும் இடம் "மமதை" மாதிரிச் சொற்கள். ம-ம என்று தட்டினால் "ம்ம" ஆகிவிடும், நடுவில் ஒரு அ தட்டுங்கள். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு விரல் தானே போகும்.

போனிடம் வாயால் சொல்லி எழுதவைப்பதும் உதவும், அட்டவணைக்கு நன்றாகவே உதவும். போனின் அமைப்பில் தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை), தமிழ் (சிங்கப்பூர்) என்று தனித்தனியே இருக்கும், உங்கள் பேச்சுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வையுங்கள். மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். ல-ள-ழ, ர-ற மாறும். வல்லினம் மிகும் இடங்களில் ஒற்று விழுந்துபோகும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழையதை யூனிகோடுக்குக் கொண்டுவரும் நாளில் திருத்தாதீர்கள். இருபது வயதுக் கை "உபயோகித்தான்" என்று எழுதியிருந்தால் அப்படியே அடியுங்கள், "பயன்படுத்தினான்" ஆக்க வேண்டாம். பிழையையும் பிழையாகவே அடியுங்கள். திருத்த ஆசை வந்தால் இன்னொரு பிரதியில், இன்னொரு நாளில். எழுத்து எப்படி மாறி வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

வெள்ளைத்தாள் | 2 மார்ச், இரவு 10.10

17-ல் 14 பிளாப்பி வந்துவிட்டது. இரண்டில் பூசணம், எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று எந்த டிரைவிலும் படிக்கவில்லை. "அவா்" மட்டும் 2,311 இடம்!

நோட்டு 3, பக்கம் 112-ல் ஒரு சந்தேகம். ஒரு சொல்லை அடித்து மேலே வேறு எழுதி, அதையும் அடித்து மூன்றாவதாக "தூறல்" என்று இருக்கிறது. எதைத் தட்டுவது? முதல் சொல்லைப் படிக்கவே முடியவில்லை, அவ்வளவு கிறுக்கல்.

கொம்புசுழி | 2 மார்ச், இரவு 10.40

மூன்றையும். முதலில் எழுதியது முதலில், சதுர அடைப்புக்குள் "அடித்தது" என்ற குறியோடு, கடைசியாக நின்ற சொல் அடைப்பில்லாமல். படிக்க முடியாத சொல்லுக்கு எத்தனை எழுத்து இருக்கும் என்று தோன்றுகிறதோ அத்தனை புள்ளி.

ஆனால் அதற்கு முன் ஒன்று: பால்பாயிண்ட் என்றால் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். மை மறைத்தாலும் அழுத்திய பள்ளம் நிழலாக எழும். கிறுக்கிய கோடு ஒரே திசையில் ஓடும், எழுத்து வளையும். வளைவை மட்டும் கண்ணால் தொடருங்கள்.

வெள்ளைத்தாள் | 2 மார்ச், இரவு 11.25

தெரிகிறது அண்ணா. பின்பக்கத்தில் இடவலம் மாறி, ழகரத்தின் வால் முதலில் தெரிந்தது. "மழை" என்று எழுதி, அடித்து, "சாரல்" என்று எழுதி, அதையும் அடித்து "தூறல்" என்று போட்டிருக்கிறது.

[அடித்தது: மழை] [அடித்தது: சாரல்] தூறல். இப்படித்தானே?

கொம்புசுழி | 2 மார்ச், இரவு 11.28

இப்படித்தான்.